ஜி.எஸ்.டி. கட்டத்தில் இருந்த மருந்துப் பெயர்கள்

“அதெல்லாம் குப்பை டேட்டா மேடம். தானாவே க்ளீன் ஆயிடுச்சு. உங்களுக்கு நல்லதுதானே?”

போனில் இதைச் சொன்னவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரலை இன்றைக்கு எங்கே கேட்டாலும் இவர்தான் என்று கையைக் காட்டிவிடுவேன். கோபத்தை மனசில் வைத்திருப்பது பாவம் என்று வெள்ளிக்கிழமைதோறும் உலகம்மன் சன்னதியில் நின்று இறக்கி வைக்கத்தான் பார்க்கிறேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மறுபடியும் வந்து ஏறிக்கொள்கிறது. எழுதினாலாவது போகிறதா என்று பார்ப்போம்.

நான் தென்காசிக்காரி. பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தேன். பிறகு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாத வகுப்பு, அங்கேயே டைப் அடிக்கிற வேலை. கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின், சில கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் போட்டுக் கொடுத்து, சொல்லிக் கொடுத்து, கோளாறு வந்தால் போய்ப் பார்க்கிற வேலையைச் செய்து வருகிறேன். சாப்ட்வேர் எழுதுகிற படிப்பெல்லாம் எனக்குக் கிடையாது. எழுதியவர்கள் கொடுப்பதைக் கடைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஓட வைப்பேன். அவ்வளவுதான்.

அப்படி நான் பார்க்கிற கடைகளில் ஒன்று குற்றாலத்தில் இருக்கிற மருந்துக்கடை. கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். அவர் என்னைத் தங்கச்சி என்பார். உள்ளே மருந்து எடுத்துக் கொடுக்க பார்மசி படித்த ஒரு அம்மா இருக்கிறார், ஆலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்.

அந்தக் கடையின் பில்லிங் எல்லாம் இன்டர்நெட்டில் ஓடுவது. கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒன்றும் கிடையாது. எங்கோ ஒரு கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரில் இடம் பிடித்து, மருந்து இருப்பு, வாடிக்கையாளர் பெயர், பில் எல்லாம் அங்கே இருக்கும். ஹோஸ்டிங் என்பார்கள். பாய்க்கு நான் இதை வாடகை வீடு என்று சொல்லித்தான் புரிய வைத்தேன். வீடு அவர்களுடையது, உள்ளே இருக்கிற சாமான் நம்முடையது.

சீசன் தொடங்கிய நேரத்தில் அந்த வீட்டுக்காரர்கள் நம்மைக் காலி செய்யச் சொன்னார்கள். சொன்ன விதத்தைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு இமெயில். கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தது பாயின் மகன், அவர் சவுதியில் இருக்கிறார், ஆகையால் இமெயில் அவருக்குப் போயிருக்கிறது. விளம்பரம் என்று அவர் பார்க்காமலே விட்டிருக்கிறார். கடைக்கு ஒரு போன்கூட வரவில்லை. பிறகு அவர் பார்த்துச் சொல்லி நாங்கள் தெரிந்துகொண்டது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரியோடு சேவை நிற்கிறது என்று போட்டிருந்தது. ஒரு வீட்டில் குடியிருப்பவனைக்கூட இப்படி விரட்ட முடியாது, நாலு பேர் கேட்பார்கள். இங்கே கேட்க ஆள் இல்லை. அவர்கள் கொடுத்திருந்த நம்பருக்கு அடித்தால் பாட்டுத்தான் பாடியது.

பில்லிங் சாப்ட்வேர்களுக்கென்றே இடம் தருகிற வேறொரு கம்பெனியைப் பிடித்தேன். “நாங்களே மாத்திக் கொடுத்துடுவோம் மேடம், நீங்க பாஸ்வேர்டு மட்டும் கொடுங்க” என்றார்கள். எந்த நேரம் மாற்றுவது என்று ஒரு கேள்வி. சீசனில் குற்றாலத்தில் மருந்துக்கடைக்கு ஓய்வே கிடையாது. அருவியில் வழுக்கி விழுந்தவர், தும்முகிறவர், கண்டதைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் என்று கூட்டம் வந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் பாய் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுப் போவார். அந்த நேரத்தை வைத்துக்கொண்டோம்.

அன்றைக்கு எனக்கு விரதம். காலையில் உலகம்மனுக்கு ஒரு நெய்விளக்கு போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பாய் தொழுகைக்குப் போனார், பார்மசி அம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், நான் உட்கார்ந்தேன். முதலில் நம் கையில் ஒரு நகல் இருக்கட்டுமே என்று பழைய இடத்திலிருந்து இறக்கிப் பார்த்தேன். சீசன் நேரத்து நெட், மூன்று தடவையும் பாதியில் நின்றுவிட்டது. புதுக் கம்பெனியின் சப்போர்ட்காரர் போனில், “நாங்க எடுத்துட்டோம் மேடம், நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க?” என்றார். பிறகு ஒரு பக்கத்தை அனுப்பி, ஓ.கே. கொடுக்கச் சொன்னார். அதில் ஏழெட்டு வரிகள், எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்களே டிக் அடித்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, தவறான பதிவுகளைச் சுத்தம் செய்க என்பது. நல்ல காரியம்தானே என்று விட்டுவிட்டேன். ஓ.கே. அழுத்தியது என் விரல். அதை நான் மறைக்கவில்லை.

பாய் திரும்பி வரும்போது பில் அடித்துக்கொண்டிருந்தது. “முன்ன விட வேகமாவுல்லா வருது” என்று சிரித்தார். நானும் பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்க்கப் போனேன். கடையில் நல்ல கூட்டம். அருவிக்குப் போகிற வழியில் பழம் விற்கிற ஒரு அக்கா, முட்டுவலிக்கு டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினார். பார்மசி அம்மா அவர் போன் நம்பரைத் தட்டிப் பார்த்தார், மாத்திரையை எடுத்தார், எண்ணி வெட்டிக் கவரில் போட்டார். பில்லும் வந்தது. பழக்கார அக்கா பில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா, இதுல எனக்கு ஆகாததுன்னு ஒண்ணும் வரலியே?”

“என்னக்கா வரல?”

“எம் பேருக்குக் கீழ வரும்லா? எனக்கு ஒரு மாத்திரை ஆகாதுல்லா. தொண்ட வீங்கி மூச்சு விட முடியாம பெரியாஸ்பத்திரியில கெடந்தேன். அதுலேருந்து பாய் பில்லுல அடிச்சுத் தருவாவளே. அதப் பாத்துத்தானே நீ எடுப்ப?”

பார்மசி அம்மா திரையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கடைக்குள் இருந்த பாய் வந்தார், கவரை வாங்கிப் பிரித்து மாத்திரையைப் பார்த்தார்.

“டைக்ளோ” என்றார். “ஏம்மா, இவளுக்கு டைக்ளோவா எடுத்துக் கொடுக்க?”

“கட்டம் காலியா இருக்கு பாய். டாக்டரும் எழுதியிருக்காவ. நான் என்ன செய்ய?”

“டாக்டரு சீசனுக்கு வந்தவரு. அவருக்கு என்ன தெரியும்?” பாய் என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, ஜி.எஸ்.டி. கட்டத்துல நான் எழுதி வச்சதெல்லாம் எங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. எந்த வாடிக்கையாளருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுத ஒரு கட்டம் வேண்டுமென்று, சாப்ட்வேர் எழுதியவர்களிடம் பாய் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறார். அடுத்த தடவை பார்க்கலாம், அடுத்த தடவை பார்க்கலாம் என்றே தள்ளியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் பெயருக்குக் கீழே ஜி.எஸ்.டி. நம்பருக்கென்று ஒரு கட்டம் சும்மாவே கிடந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வருகிறவருக்கு ஏது ஜி.எஸ்.டி. நம்பர்? அதோடு அந்தக் கட்டத்தில் எழுதுவது பில்லிலும் அச்சாகும். பதினைந்து எழுத்துதான் இடம். பாய் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அதற்குள் அடக்கிவிட்டார். சல்ஃபா ஆகாது. டைக்ளோ வேண்டாம். பென்சிலின் ஆகாது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சனங்கள் இந்த பில்லைக் காட்டுவார்களாம். இவ்வளவு வருஷம் அந்தக் கடைக்குப் போய் வந்த எனக்கு இது தெரியாது. நான் பில் வருகிறதா என்று பார்ப்பேனே ஒழிய, பில்லை என்றைக்குப் படித்தேன்?

நேற்று சுத்தம் செய்தது இதைத்தான். ஜி.எஸ்.டி. நம்பர் மாதிரி இல்லாத எல்லாவற்றையும் புதுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வழித்து எறிந்துவிட்டது. அத்தனை பேருக்கும் கட்டம் காலி.

அங்கேயே நின்று அந்த சப்போர்ட்காரருக்குப் போன் போட்டேன். அப்போதுதான் அந்தக் குப்பைப் பேச்சு.

“குப்பையா? எதுங்க குப்பை?” என்றேன்.

“மேடம், ஜி.எஸ்.டி. ஃபீல்டுல ஜி.எஸ்.டி. நம்பர்தான் போடணும். நீங்க தப்பா யூஸ் பண்ணியிருக்கீங்க.”

“ஒரு பொம்பளைக்குத் தொண்டை வீங்கிச் சாகிற மருந்தை இப்பத்தான் கவரில் போட்டுக் கொடுத்தோம். அது என்ன ஃபீல்டுங்க?”

“புரியுது மேடம். ஆனா டிக் பண்ணது நீங்க.”

“அடிச்சு வச்சது நீங்க!”

“சரி மேடம், டிக்கெட் போடுங்க. ரெண்டு நாள்ல ரிப்ளை வரும்.”

“நேத்து எங்ககிட்ட இருந்து எடுத்தீங்களே, அந்தப் பழைய ஃபைலாவது கொடுங்க.”

“மாத்தி முடிச்சதும் அதை டெலீட் பண்ணிடுவோம் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

வேறு ஏதாவது உதவி! போன் வைத்த கையோடு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு மெசேஜ் வேறு வந்தது. பழைய இடம் ராத்திரியே அடைத்துவிட்டார்கள், பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே போக வழி இல்லை. சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கத்தினேன். கத்தி முடித்ததும் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பழக்கார அக்கா என் தோளைப் பிடித்து, “நான்தான் முழுங்கலியே, எதுக்கு அழுத?” என்றார்.

பாய் என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“எந்திரி தங்கச்சி. அழுகைய அப்புறம் வச்சுக்கிடலாம். மேல இருக்க அட்டப்பெட்டிய எறக்கணும்.”

பெட்டிகளில் பில்லின் இரண்டாம் நகல்கள் இருந்தன. மருந்து இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட வேண்டுமென்று கார்பன் நகலைக் கட்டுக் கட்டாகச் சணல் போட்டு வைத்திருந்தார். அதில் பெயர் இருக்கும், கீழே ஆகாத மருந்தும் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப ஏற்றினால் ஆயிற்று. இல்லாவிட்டால் நாளை ஒருவர், நாளை மறுநாள் ஒருவர் என்று, யார் கவரில் எது போகும் என்று யாருக்குத் தெரியும்? எல்லோரும் பழக்கார அக்கா மாதிரி பில்லைப் படிக்கிறவர்களா?

அதுவரை கடையில் யார் வந்தாலும் ஒரு கேள்வி கேட்காமல் மருந்து தரக்கூடாது என்று பாய் சொல்லிவிட்டார். பார்மசி அம்மாவுக்கு அன்றைக்குத் தொண்டை வற்றிவிட்டது.

“உங்களுக்கு ஆகாதது எதுவும் உண்டா?”

அருவியில் குளித்து ஈரத்தலையோடு வந்த ஒருவர், “எனக்கு என் மாமியாதான் ஆகாது” என்றார்.

“அதுக்கு மருந்து இங்கன கெடையாது. தள்ளி நில்லுங்க, அடுத்த ஆள் வரட்டும்” என்றார் பாய். கடையே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

சனி, ஞாயிறு, திங்கள், மூன்று பகல். வீட்டில் காலையில் பொங்கி வைத்துவிட்டு ஓடி வருவேன். பாய் தொழுகை நேரத்துக்கு மட்டும் எழுந்திருப்பார். அவர் நகலைப் பார்த்து வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். ஜி.எஸ்.டி. கட்டத்தில் இனி எழுதினால் திரும்பவும் வழித்துவிடுவார்களே என்று முகவரியின் இரண்டாம் வரியில் ஏற்றினேன். பில்லில் அதுவும் அச்சாகும் என்று முதலில் இரண்டு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டேன்.

எத்தனை விதமான மனிதர்கள் அந்தக் கட்டுக்குள். பிள்ளை உண்டாகியிருக்கிறவள் என்று பாய் குறித்து வைத்திருந்த பெண்கள். சர்க்கரை போட்ட டானிக் கொடுக்கக் கூடாத தாத்தாக்கள். மாத்திரை விழுங்கத் தெரியாத பிள்ளை, தண்ணி மருந்து மட்டும் என்று ஒன்று. ஒவ்வொன்றையும் தட்டத் தட்ட எனக்குக் கோபம் கூடிக்கொண்டே போனது. இதையா குப்பை என்றான்? ஒரு மனிதர் தன் ஊர்ச் சனங்களின் உடம்பை இவ்வளவு வருஷம் பார்த்துப் பார்த்துப் பதினைந்து எழுத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார். படித்த பிள்ளைகள் கொடுக்காத கட்டத்தை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். அதைத் தப்பான உபயோகம் என்று சொல்ல அவர்களுக்கு என்ன தைரியம்! நம்பர் என்றால் நம்பர் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். மனிதருக்கு மூச்சு நின்றாலும் கட்டம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

சில நகல்கள் மங்கிப்போயிருந்தன. அச்சு நாடா தேய்ந்திருந்த சமயத்தில் அடித்தவை. வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியின் நகலில், ஆகாது என்பது மட்டும் தெரிந்தது. முன்னால் என்ன என்று தெரியவில்லை. வேறு நகலும் கிடைக்கவில்லை.

“அவருக்குப் பென்சிலின். எனக்கு நல்லாத் தெரியும்” என்றார் பாய்.

பென்சிலின் ஆகாது என்று ஏற்றினேன்.

செவ்வாய்க்கிழமை காலை புதுக் கம்பெனியிலிருந்து வேறொருவர் கூப்பிட்டார். பெரிய ஆள் போலிருக்கிறது, பேச்சில் நிதானம் இருந்தது. சனிக்கிழமையே நான் எழுதிப் போட்டிருந்த புகார் டிக்கெட்டைப் படித்தாராம். பழைய ஃபைலை அவர்கள் அழிப்பதில்லையாம், ஒரு வாரம் வைத்திருப்பார்களாம், இமெயிலில் அனுப்பியிருக்கிறாராம்.

“அப்ப அழிச்சாச்சுன்னு ஏன் சொன்னார்?”

“அவருக்குச் சரியாத் தெரியாம சொல்லியிருக்கலாம் மேடம். மன்னிச்சிடுங்க.”

சரியாகத் தெரியாதாம். தெரியாது என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? போனை வைத்தால் போதும் என்று வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பொய்யால் மூன்று நாள் ஒரு ஊர் முழுக்க அபாயத்தில் நின்றது. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த டிக்கை எடுக்காமல் விட்ட என்னையும் சேர்த்து. அன்று சாயங்காலம் அம்மன் முன்னால் அதையும் சொன்னேன், என் கணக்கில் அது இருக்கட்டும் என்று. ஆனால் அதற்காக அவர் பொய் சின்னதாகிவிடுமா?

ஃபைலை இறக்கினோம். இந்தத் தடவை இறங்கியது. நாங்கள் ஏற்றியதை அதோடு வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தோம். வந்தவரை எல்லாம் சரியாகவே இருந்தது. வடகரை அண்ணாச்சியின் பெயர் வந்ததும் நான் நிறுத்தினேன். பழைய ஃபைலில் சல்ஃபா ஆகாது என்றிருந்தது.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பென்சிலின்னு அடிச்சு சொன்னேனே” என்றார். “எனக்கு மறந்து போவும்னுதானே எழுதி வச்சேன். அல்லா காப்பாத்துனான்.”

அண்ணாச்சிக்கு நாங்கள் ஏற்றியதைத் திருத்தினேன். திருத்தினால் போதாது என்று தோன்றியது. இனி எந்தக் கம்பெனியை நம்புவது? எந்த நினைவை நம்புவது? அவர் நம்பர் பில்லில் இருந்தது. அடித்தேன். பின்னால் பம்புசெட் ஓடுகிற சத்தம்.

“யாரு?”

“குற்றாலம் மருந்துக்கடையிலேருந்து பேசுதேன் அண்ணாச்சி.”

“நான் மருந்து ஒண்ணும் சொல்லி விடலியே.”

“இல்ல, உங்களுக்கு ஆகாத மருந்து எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அது பாய்க்குத் தெரியும்.”

“பாய்க்கு மறந்துட்டு அண்ணாச்சி.” பக்கத்தில் பாய் ஆமாம், சொல்லு என்று தலையை ஆட்டினார்.

“அவருக்கே மறந்துட்டுன்னா நான் எங்க போய்க் கேக்க?”

“அதுக்குத்தான் கூப்பிட்டேன். நான் சொல்லுதேன், ஒரு தாள்ல எழுதிக்கிடுங்க.”

“தோப்புக்குள்ள நிக்கேன் தாயி. தாளுக்கும் பேனாவுக்கும் எங்க போவேன்?”

“வீட்டுக்குப் போங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

“வெளங்கிரும்” என்றார். ஆனால் நடந்தார். இலை மிதிபடும் சத்தம் கேட்டது, பிறகு கதவு. “ஏட்டி, பேனா எங்க? ஒரு பொம்பள போன வைக்க மாட்டேங்கா” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். பேனா கிடைத்தது. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு அவரே எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“சல்... ஃபா. சரிதானா?”

“ஆகாது.”

“அதையும் எழுதணுமா?”

“அதையும் எழுதுங்க அண்ணாச்சி.”